பரிந்துரைக் கடிதமும் நன்னடத்தைச் சான்றிதழும்



பெங்களூரில் உள்ள ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் ஓர் ஆய்வேடு இருக்கிறது. பக்கத்திலுள்ள மற்ற ஆய்வேடுகளைப் போலவே பைண்டு செய்யப்பட்டது. பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆனால் மற்றவற்றை எழுதியவர்கள் டாக்டர்கள் ஆனார்கள். இதை எழுதிய அன்னா மணி ஆகவில்லை.

அன்னா மணி 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். 1939இல் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் படித்துப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே உதவித்தொகை பெற்று, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரமும் மாணிக்கமும் ஒளி பட்டால் எப்படி ஒளிர்கின்றன என்பதுதான் ஆய்வு. ஒரு நிறமாலையைப் புகைப்படத் தகட்டில் பதிய வைக்க 15 மணி நேரம், சில சமயம் 20 மணி நேரம் ஆகும். இரவெல்லாம் கூடத்திலேயே கிடந்தார். 1942க்கும் 1945க்கும் இடையில் ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஐந்திலும் அவர் பெயர் மட்டும்தான். 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். இந்திய அறிவியல் கழகத்தில் நடக்கும் ஆய்வுகளுக்கு அன்று பட்டம் கொடுத்தது அந்தப் பல்கலைக்கழகம்தான். வந்த பதில் சுருக்கமானது: எம்.எஸ்ஸி. இல்லை, ஆகவே பி.எச்டி. இல்லை.

இதே மாநிலக் கல்லூரியில் 1930இல் ஆனர்ஸ் பட்டம் முடித்த இன்னொருவர், அந்த ஜூலை மாதக் கடைசி நாளில் பம்பாயில் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் அவரிடம் முதுநிலைப் பட்டம் கேட்கவில்லை. நேரே ஆய்வு மாணவராகச் சேர்த்துக்கொண்டது. 1933இல் எஸ். சந்திரசேகர் டாக்டர் ஆனார். அப்போது அவருக்கு 22 வயது. ஒரே கல்லூரி, ஏறக்குறைய ஒரே தகுதி. ஒருவருக்குத் திறந்த கதவு இன்னொருவருக்குச் சாத்தப்பட்டது. இளநிலைப் பட்டத்தோடு அறிவியலில் முனைவர் ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாமா என்ற கேள்விக்கு விடை மாணவரின் தலைக்குள் மட்டும் இல்லை, விதிப்புத்தகத்திலும் இருக்கிறது.

அந்த விதி இந்தியாவில் இப்போது மாறியிருக்கிறது. 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவர் நேரடியாக முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியதும் அதே நெறிமுறைகள்தான். 2024 முதல் நான்காம் ஆண்டு இளநிலை மாணவர்கள் முனைவர் சேர்க்கைக்காக நெட் தேர்வும் எழுதலாம். ஆனால் தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் பெரும்பாலும் இன்றும் மூன்றாண்டு பி.எஸ்ஸி.தான். அந்தப் பிள்ளைகளுக்கு இந்தப் புதிய கதவு திறந்தும் திறக்காத கதவு.

அவர்களுக்கு வேறு வாசல் உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை. இன்டக்ரேட்டட் பி.எச்டி. என்கிறார்கள். முதுநிலைப் படிப்பும் முனைவர் ஆய்வும் ஒரே சேர்க்கையில் வரும். இந்திய அறிவியல் கழகம், ஜவாஹர்லால் நேரு உயராய்வு மையம் போன்ற இடங்களுக்கு ஜாம் என்னும் பொது நுழைவுத் தேர்வு வழி. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது. இயற்பியலுக்கும் கோட்பாட்டுக் கணினியியலுக்கும் ஜெஸ்ட் என்று ஒரு பொதுத் தேர்வு. தரமணியில் அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனம் அதன் மூலம் மாணவர்களை எடுக்கிறது. திருவான்மியூரிலிருந்து நடந்தே போகலாம். அந்த வளாகத்தைத் தாண்டி தினமும் பஸ்ஸில் போகும் இயற்பியல் மாணவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே நடப்பது தெரியும் என்று ஒரு வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம்.

தேர்வு எழுதித் தேறுவது நம் பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. பிளஸ் டூவில் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவர்கள். சிக்கல் அதற்குப் பிறகு, நேர்காணலில்.

நேர்காணல் அறை எளிமையானது. கரும்பலகை, சாக்பீஸ், எதிரே நான்கைந்து பேர். “உங்களுக்குப் பிடித்த பாடம் எது?” என்பார்கள். பையன் இயக்கவியல் என்பான். “எளிய ஊசலின் அலைவு நேரம் எழுதுங்கள்.” எழுதிவிடுவான், பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தது. “இதில் நிறை ஏன் வரவில்லை?” சற்றுத் தயங்குவான். “ஊசலை அகலமாக ஆட்டினால் நேரம் கூடுமா, குறையுமா?” மௌனம். “அறுந்து விழும் லிஃப்டுக்குள் இந்த ஊசல் என்ன செய்யும்?” இங்கே சிலர் வியர்த்துப் போவார்கள்; சிலர் சிரித்துவிட்டு, “தெரியவில்லை சார், யோசித்துப் பார்க்கிறேன்” என்று பலகைப் பக்கம் திரும்புவார்கள். பெரும்பாலும் இரண்டாவது வகைக்குத்தான் இடம் கிடைக்கிறது. விடை சரியாக வந்ததா என்பது அடுத்த கேள்விதான். (அகல ஆட்டினால் நேரம் கூடும். விழும் லிஃப்டில் ஊசல் ஆடவே ஆடாது.)

இதே ஊசலை நம் பிள்ளைகள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதலாண்டிலேயே ஆட்டியிருக்கிறார்கள். ரெக்கார்டு நோட்டில் புவியீர்ப்பு முடுக்கம் 980 என்று வந்தாக வேண்டும். வராவிட்டால் என்ன செய்வார்கள் என்பது இந்த அரங்கில் உள்ள அனைவருக்கும் தெரியும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரீடிங் ‘சமைப்பார்கள்’. சமைத்தவனுக்குக் கையெழுத்து கிடைக்கும். 940 என்று உண்மையாக எழுதியவன் மறுபடி செய்யச் சொல்லித் திருப்பி அனுப்பப்படுவான். ஏன் 940 வந்தது என்று அவனோடு உட்கார்ந்து பார்க்க ஆசிரியருக்கு நேரமில்லை. வகுப்பில் 60 பேர். முனைவர் ஆய்வுக்கு ஆள் எடுப்பவர்கள் தேடுவது அந்த 940 எழுதியவனை. நம் கல்லூரி முறை மூன்றாண்டும் அவனைத் திருத்தி அனுப்புகிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு வருவோம். அங்கே இளநிலை முடித்த கையோடு பி.எச்டி.யில் சேர்வது நெடுநாள் வழக்கம். முதல் இரண்டு ஆண்டுகள் பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு, பிறகு ஆய்வு. மொத்தம் ஐந்து, ஆறு ஆண்டுகள். உயிரியல் துறைகளில் முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்களில் சில வாரங்கள் வேலை பார்த்துவிட்டு, பிறகுதான் ஒரு வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். பெண் பார்க்கப் போவதைவிட நிதானமான ஏற்பாடு. அறிவியல் துறைகளில் சேர்க்கை கிடைத்தால் பொதுவாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடி, மேலே மாதச் சம்பளம்போல ஓர் உதவித்தொகை. சொந்தக் காசில், கடன் வாங்கி அறிவியல் பி.எச்டி. படிக்க வேண்டிய நிலை வந்தால் அந்த இடத்தைப் பற்றி ஒன்றுக்குப் பத்து முறை யோசிக்க வேண்டும். வீட்டை அடகு வைத்து எம்.எஸ். படிக்க அனுப்பிய பெற்றோர் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது நல்லது.

பெரும்பாலான விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் டிசம்பரில் விழும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 75 முதல் 125 டாலர் கட்டணம். சராசரி 100 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வைத்துப் பத்து இடத்துக்குப் போட்டால் 85,000 ரூபாய். ஆங்கிலத் தேர்வுக் கட்டணம் தனி. ஒரு தையல்காரரின் மகளுக்கு இது விளையாட்டான தொகை அல்ல. பல துறைகள் கேட்டால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. கேட்பதற்கு ஒரு மின்னஞ்சல் போதும். கேட்கக் கூச்சப்பட்டே பலர் பத்தை மூன்றாக்கிக்கொள்கிறார்கள். இன்னொரு தடையும் உண்டு. நம் மூன்றாண்டுப் பட்டத்தைச் சில இடங்கள் ஏற்கும், பல இடங்கள் 16 ஆண்டுக் கல்வி கேட்கும். பணம் கட்டுமுன் அந்த ஒரு வரியைப் படித்துவிட வேண்டும்.

ஜி.ஆர்.இ. என்றொரு தேர்வு நெடுங்காலம் இந்த வாசலில் காவல் நின்றது. 2017இல் வாண்டர்பில்ட், வட கரோலினா ஆகிய பல்கலைக்கழகங்களிலிருந்து இரண்டு ஆய்வுகள் வந்தன. அந்த மதிப்பெண்ணுக்கும் உயிர்மருத்துவ மாணவர் பின்னாளில் செய்யும் ஆய்வுக்கும் பெரிய தொடர்பில்லை என்றன. அடுத்த சில ஆண்டுகளில் துறை துறையாக அதைக் கைவிட்டார்கள். தேர்வு போனதும் எடை வேறு எங்கோ ஏறித்தானே ஆக வேண்டும்? மூன்று பரிந்துரைக் கடிதங்களின் மேலும், மாணவர் எழுதும் நோக்கவுரையின் மேலும் ஏறியிருக்கிறது.

இனிச் சொல்லப்போவது மாணவர்களைவிட ஆசிரியர்களுக்கு.

நம் கல்லூரிகளில் பரிந்துரைக் கடிதம் எழுதும் பழக்கமே கிடையாது. இருப்பது நன்னடத்தைச் சான்றிதழ் எழுதும் பழக்கம். ‘இம்மாணவியை எனக்கு மூன்றாண்டுகளாகத் தெரியும். நல்லொழுக்கம் உடையவர், கடின உழைப்பாளி, ஆசிரியர்களிடம் மரியாதையாக நடப்பவர். வாழ்வில் எல்லா வெற்றியும் பெற வாழ்த்துகிறேன்.’ கீழே துறைத் தலைவர் கையெழுத்து, முத்திரை. பல நேரம் மாணவியே தட்டச்சு செய்து கொண்டுவந்த கடிதம். ஆசிரியர் பேனாவை மட்டும் திறப்பார். அதே கடிதம் அதே வாசகத்தோடு நான்கு பேருக்குப் போகும்.

அங்கே அதைப் படிப்பவர் முன் இருக்கும் படிவம் வேறு கேள்வி கேட்கிறது. கடந்த சில ஆண்டுகளில் நீங்கள் கற்பித்த மாணவர்களில் இவர் முதல் 1 சதவீதத்தில் வருவாரா, 5 சதவீதத்திலா, 10 சதவீதத்திலா? இவர் தானாகக் கேட்ட ஒரு கேள்வியைச் சொல்லுங்கள். சோதனை தோற்றபோது என்ன செய்தார்? நல்லொழுக்கம் பற்றி அதில் கட்டம் இல்லை. மூன்று வரியில், ‘இவளுக்குக் கொடுத்த பாக்டீரியாத் தட்டில் ஒரு வாரம் எதுவும் வளரவில்லை, மற்றவர்கள் ஊடகத்தைக் குறை சொன்னபோது, இவள் ஆட்டோகிளேவின் அழுத்தமானியைச் சோதித்து, அது தவறாகக் காட்டுவதைக் கண்டுபிடித்தாள்’ என்று எழுதினால், அது இரண்டு பக்க வாழ்த்துரையைச் சாப்பிட்டுவிடும். அப்படி எழுத ஆசிரியர் அந்த ஆட்டோகிளேவ் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

கடிதம் ரகசியமாகப் போக வேண்டும் என்பதும் நம் ஊருக்குப் பழக்கமில்லாதது. படிக்கும் உரிமையை மாணவர் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று படிவத்தில் குறிக்க வேண்டும். மாணவர் கையில் உறையைக் கொடுத்து, “நல்லா எழுதியிருக்கேன், பார்த்துக்கோ” என்று தட்டிக்கொடுப்பது பாசம்தான். ஆனால் அந்தக் கடிதத்துக்கு அங்கே மதிப்பு பாதி. ஆசிரியரின் மின்னஞ்சல் கல்லூரி முகவரியாக இருந்தால் நல்லது. சொந்த ஜிமெயிலிலிருந்து வந்த கடிதத்தை மாணவரே எழுதியிருக்கலாம் என்று சந்தேகப்படும் குழுக்கள் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு நாம் காரணம் இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

நோக்கவுரையும் இதே கதைதான். ‘சிறு வயதிலிருந்தே வானத்து நட்சத்திரங்களைப் பார்த்து வியந்திருக்கிறேன்’ என்று தொடங்குபவை ஆயிரம். அப்துல் கலாமை மேற்கோள் காட்டித் தொடங்குபவை அதற்கு அடுத்த ஆயிரம். இப்போது இயந்திரம் எழுதிக் கொடுப்பதால் இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. ஆள்தான் உள்ளே இல்லை. படிப்பவர் தேடுவது ஒன்றுதான்: விடை தெரியாத ஒரு கேள்வியோடு இவர் எத்தனை நாள் இருந்திருக்கிறார், அங்கே என்ன செய்தார், எங்கே சிக்கினார். காசு கொடுத்துக் கட்டுரை போடும் இதழ்களில் மூன்று ‘பேப்பர்’ வெளியிட்டு அதைப் பட்டியலில் சேர்ப்பது இன்று ஒரு நோய்போலப் பரவியிருக்கிறது. குழுவில் இருப்பவர்கள் அந்த இதழ்களின் பெயரை நன்றாக அறிவார்கள். சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் இருப்பது லாபம். பி.எச்டி. விண்ணப்பத்துக்குக் கன்சல்டன்சிக்குப் பணம் கட்டுவதும் வீண். அங்கே விற்பது மேலே சொன்ன நட்சத்திர வாக்கியங்களைத்தான்.

பேராசிரியர்களுக்கு முன்கூட்டியே எழுதலாமா? எழுதலாம். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் பல இடங்களில் எழுதித்தான் ஆக வேண்டும். எப்படி எழுதுவது என்பதற்குச் சந்திரசேகரே உதாரணம். 1928இல் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னை வந்தார். அவர் நூலைக் கரைத்துக் குடித்திருந்த கல்லூரி மாணவர் சந்திரா அவரைப் போய்ப் பார்த்தார். அந்த நூலில் உள்ள குவாண்டம் இயற்பியல் பழசாகிவிட்டது என்று சோமர்ஃபெல்டே சொன்னார். அச்சில் இருந்த தன் புதிய கட்டுரையின் படியையும் கொடுத்தார். சில மாதங்களில், புதிய புள்ளியியலைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி சந்திரா ஒரு கட்டுரை எழுதினார். 1929 ஜனவரியில் அதைக் கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபௌலருக்கு அனுப்பினார். அது ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜில் அவரைச் சேர்த்துக்கொண்ட வழிகாட்டி அதே ஃபௌலர். 18 வயதுப் பையன் ‘உங்கள் ஆய்வு எனக்கு மிகவும் பிடிக்கும், ஒரு வாய்ப்புத் தாருங்கள்’ என்று எழுதவில்லை. செய்த வேலையை அனுப்பினான்.

ராமானுஜனும் அப்படித்தான். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தோடு பக்கம் பக்கமாகத் தேற்றங்களை இணைத்திருந்தார். அதற்கு முன் அங்கேயே இருந்த பேக்கருக்கும் ஹாப்சனுக்கும் எழுதி ஏமாந்தவர் அவர். இன்று 200 பேராசிரியர்களுக்கு ஒரே மின்னஞ்சலை, சில சமயம் பெயரைக்கூட மாற்றாமல் அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று சோர்ந்துபோகும் மாணவர் இந்த இரண்டு கடிதங்களையும் நினைத்துக்கொள்ளலாம். எல்லோரும் ராமானுஜன் ஆக வேண்டியதில்லை. அவர்களுடைய கடைசிக் கட்டுரையைப் படித்து, நான்காம் படத்தில் ஏன் அந்த வளைவு இறங்குகிறது என்று கேட்டால் போதும்.

சேர்ந்த இடத்திலேயே ஆயுள் முழுக்க இருக்க வேண்டும் என்ற பயமும் தேவையில்லை. சிதம்பரத்தில் பிறந்து பரோடாவில் வளர்ந்த வெங்கி ராமகிருஷ்ணன், 1971இல் இயற்பியல் இளநிலை முடித்ததும் ஓஹையோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். அது யாரும் பெயர் சொல்லிப் பெருமைப்படும் இடமில்லை அன்று. 1976இல் இயற்பியலில் பி.எச்டி. வாங்கிய கையோடு, தன் மனம் உயிரியலில் இருக்கிறது என்று உணர்ந்து, சான் டியாகோவில் மறுபடி முதலாண்டு மாணவராக உட்கார்ந்தார். இரண்டாவது பட்டத்தை முடிக்கவும் இல்லை. 2009இல் வேதியியல் நோபல் அவருக்கு. மூன்று துறைகள், ஒரே ஆள். விண்ணப்பிக்கும்போது 21 வயதில் வாழ்க்கைக்கும் சேர்த்து முடிவெடுத்தாக வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகளிடமும், அவர்களைவிட அதிகமாக அப்படி நினைக்கும் பெற்றோரிடமும் இதைச் சொல்லி வைக்கலாம்.

பெற்றோரின் கேள்வி வேறு. “எப்ப வேலைக்குப் போவே?” நியாயமான கேள்வி. இந்தியாவில் நெட் தேறிய இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. தங்கைக்குக் கல்யாணம் முடிக்கப் போதாது. சொந்தச் செலவுக்கு வீட்டில் கை நீட்ட வேண்டியிருக்காது. அமெரிக்காவின் நிலையும் இப்போது முன்புபோல் இல்லை. 2025இல் ஆய்வு நிதி வெட்டுக்குப் பிறகு பல துறைகள் சேர்க்கையைச் சுருக்கின. கொடுத்த இடத்தையே திரும்பப் பெற்ற நிறுவனமும் உண்டு. ஆகவே வெளிநாடு மட்டுமே குறி என்று நிற்காமல், ஜாம், ஜெஸ்ட் ஆகியவற்றையும் அதே ஆண்டில் எழுதிவிடுவதுதான் புத்திசாலித்தனம். நிதியுதவியோடு இடம் கொடுக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், ஏப்ரல் 15க்கு முன் முடிவு சொல்லும்படி மாணவரை வற்புறுத்துவதில்லை என்று தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதுவரை காத்திருந்து ஒப்பிட்டுப் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு. முதலில் வந்த கடிதத்துக்கு அன்றிரவே ‘சரி’ என்று எழுதிவிட வேண்டாம்.

கடைசியாக, மீண்டும் பரிந்துரைக் கடிதத்துக்கு வருவோம். நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து ஆண்டுதோறும் நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை ஒன்று உண்டு. தேர்வாகும் மாணவர் இரண்டு மாதம் நாட்டின் ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு விஞ்ஞானியோடு வேலை செய்வார். உதவித்தொகையும் ரயில் கட்டணமும் அவர்களே தருகிறார்கள். கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். ஒரு பி.எஸ்ஸி. மாணவியை வேலை செய்யும்போது நேரில் பார்த்த ஒருவர், நன்னடத்தையைத் தாண்டி அவளைப் பற்றி எழுதக்கூடிய ஒருவர் கிடைக்க, தமிழ்நாட்டுச் சிற்றூர்க் கல்லூரிக்கு இதைவிட நேர்வழி இல்லை. இந்தக் கல்லூரியின் துறைத் தலைவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: வரும் செப்டம்பரிலேயே அந்தக் கோடை ஆய்வுத் திட்டத்தின் விவரத்தை எழுதித் துறைத் தகவல் பலகையில் ஒட்டுங்கள். இரண்டாமாண்டு வகுப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே படிவத்தில் உங்கள் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.